கரடி கை காட்டிய மாலை

கயிறு மேலே போகத் தொடங்கியபோது என் இடது காதும் அதனுடன் புறப்பட்டது.

கொழும்பில் தொலைக்காட்சி நிலையத்து ஸ்டூடியோ. நேரடி ஒளிபரப்பு. நான் ஒரு கரடிக்குள் நின்றுகொண்டிருந்தேன். கரடியின் தலையில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு கயிறு. கயிறு மேலே விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டத்தைச் சுற்றி இறங்கி, சோமபால என்ற ஊழியரின் கையில் முடிந்தது. தலை மெல்ல மேலே எழ வேண்டும். உள்ளேயிருந்து என் முகம் வெளிப்பட வேண்டும். நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கைதட்ட வேண்டும். அதுதான் திட்டம். காதைப் பற்றித் திட்டத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

காதை அப்படியே தொங்கவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். வாசகர்கள் பதற வேண்டாம். அது இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

சத்தம் குறைந்த வீடு

என் அப்பா பேதுருப்பிள்ளை திருகோணமலைத் துறைமுகத்தில் சிக்னல்காரர். வெள்ளைக்காரனின் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் கூலியாகச் சேர்ந்தவர். அவன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, தேயிலை ஏற்ற வந்த சரக்குக் கப்பல்களில் இந்த வேலைக்கு உயர்ந்தார். நான் சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த மழைக்காலத்தில் பிறந்தவன். இரண்டில் எது நாட்டுக்கு அதிகம் பயன்பட்டது என்று அப்பா வெளிப்படையாகச் சொன்னதில்லை.

சிக்னல்காரர் என்றால் கப்பலின் மேல்தட்டில், சரக்கறையின் வாயோரம் நின்று கை காட்டுகிறவர். பாரம் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கீழே சரக்கறையில் நடப்பது தெரியாது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவும் கேட்காது. சிக்னல்காரரின் கைதான் அவருக்குக் கண். சுட்டுவிரலை உயர்த்தி வட்டம் போட்டால் தூக்கு. உள்ளங்கையை நிலம் பார்க்க வைத்து மெல்ல அசைத்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நில். ஏன், எதற்கு என்று வின்ச்காரர் யோசிக்கக் கூடாது. யோசித்தால் கீழே நிற்கிறவனின் தலையில் தேயிலைப் பெட்டி இறங்கிவிடும்.

அப்பாவின் வின்ச்காரர் கந்தையா அண்ணை. இருவரும் கப்பல் கப்பலாக எத்தனையோ வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்கள். கரைக்கு வந்தால் அவர்களுக்குள் கதைக்க ஒன்றும் இருக்காது. கள்ளுக் கொட்டிலில்கூடக் கையால்தான் இன்னொரு போத்தல் வரும்.

வீட்டிலும் அப்படித்தான். அம்மா சோறு போடும்போது அப்பாவின் முஷ்டி மூடும், அகப்பை நிற்கும். நாங்கள் சண்டை பிடித்தால் ஒரு கை எழும், இருவரும் ஆளுக்கொரு பக்கம் போவோம். ஞாயிறு பூசையில் பிரசங்கம் நீண்டுபோனால் அப்பா மடியில் வைத்தபடியே முஷ்டியை மூடுவார். சுவாமிக்கு மட்டும் அந்தப் பாஷை தெரியாது.

அப்பாவுக்கு ஒரு பெருமை இருந்தது. "நான் என்ர சீவியத்தில ஒருத்தன்ர கைக்கும் வேலை செய்யேல்ல. என்ர கைக்குத்தான் மற்றவன் வேலை செய்தவன்" என்பார். துறைமுகத்தில் ஒரு சாதாரண ஊழியர் சொல்லக்கூடிய மிகப் பெரிய வசனம் அது.

கழுதையின் பின்பாதி

என் கலைவாழ்வு ஒரு கழுதையின் பின்பாதியில் தொடங்கியது.

கோயில் மண்டபத்தில் நத்தார் நாடகம். மாதாவைச் சுமந்து போகிற கழுதைக்கு இரண்டு பையன்கள் தேவை. முன்னங்கால் சங்கீதம் தெரிந்தவனுக்குப் போனது. எனக்குச் சங்கீதம் வராது. ஆகவே குனிந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். சாக்குத் துணிக்குள் தவிட்டு வாசம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியே பார்த்தால் மண்டபத்தின் கடைசி வாங்கில் அப்பா.

மேடையின் பாதியில் கழுதை விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது. கிழிசலில் அவர் கை எழுந்தது. இடப்பக்கம் வா என்றது. நான் வந்தேன். முன்னங்கால் வரவில்லை.

கழுதை நடுவால் கிழிந்தது. மாதா என் பாதியோடு தங்கினார். சூசையப்பர் முன்னங்காலோடு பெத்லகேமுக்குப் போய்விட்டார். மண்டபம் சிரித்த சிரிப்பில் சுவாமியும் கடைசியில் சிரித்துவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் அழுதேன். கடற்கரை வீதி முடிகிற இடத்தில் அப்பா நின்றார்.

"நீ சரியாத்தான் வந்தனி. முன்னங்கால்தான் பிழை" என்றார்.

அதற்குப் பிறகு என் நடிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். அந்த விமர்சனத்துக்கு மேலே ஒன்றும் ஏறவில்லை.

துறைமுகத்தை விட்டது

பள்ளிக்கூடம் முடிந்ததும் அப்பா அங்கே இங்கே கதைத்து எனக்குத் துறைமுகத்தில் இடம் எடுத்துத் தந்தார். நிரந்தர வேலை. அப்பாவின் பக்கத்தில் நின்று அவர் தொழிலைப் படித்தேன். அவரைப் போலவே என் கையும் எழுந்தது, இறங்கியது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கந்தையா அண்ணை பார்ப்பது மட்டும் போதவில்லை. இன்னும் நாலு பேர் பார்த்தால் நல்லது என்று தோன்றியது.

கொழும்பில் வானொலி நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலையை விட்டேன். வானொலியில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதை அங்கே போன பிறகுதான் யோசித்தேன்.

"நிரந்தர வேலைய விட்டுட்டுக் கூத்தாடப் போறியோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அப்பா முஷ்டியை மூடினார். அத்தோடு கதை நின்றது. விடுமுறைக்கு வருவேன், பக்கத்தில் இருந்து சாப்பிடுவேன், போவேன். "அவனை மீன் போட்டுச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். நான் அம்மாவுக்கும் அவருக்கும் இடையில்தான் இருப்பேன். சில நத்தார்கள் அப்படியே போயின. எனக்கு அது வலித்தது. கோபமும் வந்தது. அவரும் கையை ஆட்டித்தான் சோறு தின்கிறார் என்று சொல்ல வாய் வரும், மீன் முள்ளோடு விழுங்கிவிடுவேன்.

பிறகு நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் நிகழ்ச்சி தொடங்கினார்கள். ஒரு அக்கா கதை சொல்வார். பக்கத்தில் ஒரு கரடியார் நிற்பார். கரடியார் பேசமாட்டார். பேசினால் அந்தத் தலைக்குள்ளேயே சத்தம் செத்துப்போகும். கையால் மட்டும்தான் எல்லாம். தேர்வுக்கு வந்த நாடகக்காரர்கள் கண்ணை உருட்டினார்கள், புருவத்தை நெளித்தார்கள். கரடித் தலைக்குள் அதை யார் காண்பது? நான் கையை உயர்த்தினேன். தயாரிப்பாளர் அம்மையார், "இவர் போதும்" என்றார்.

பிலிப்பு மாஸ்டரின் சந்தேகம்

எங்கள் ஊருக்குப் பக்கத்து உப்புவெளியில் பிலிப்பு மாஸ்டர் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் மகள் ஸ்டெல்லா பெரியாஸ்பத்திரியில் தாதி. ஒரு விடுமுறையில் பஸ்ஸில் கண்டேன். நான் கரடி என்று அறிந்ததும் எல்லோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். அவள் மட்டும், "உள்ளுக்க வேர்க்காதோ?" என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கும் பிடித்திருந்தது என்று அம்மா விசாரித்துச் சொன்னார்.

மாஸ்டர் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மகன் என்ன உத்தியோகம்?"

"ரீவியில" என்றார் அம்மா.

"ரீவியில என்னவா?"

"கரடியா."

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்திய வருஷம்தான் கொழும்பில் வங்கி உத்தியோகம் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன், வங்கி வாசலில் கடலை விற்கிறவன் என்று கண்டுபிடித்து மயிரிழையில் தப்பியிருந்தார்.

"கரடிக்குள்ள உங்கட மகன்தான் நிக்கிறார் எண்டு என்னெண்டு நம்புறது? ஆரும் நிக்கலாம்தானே" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ, பேதுருப்பிள்ளை. அது உங்கட மகன்தானோ?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். ஒரு சொல் போதும். ஓம் என்று தலையை ஆட்டினாலும் போதும்.

"எனக்குத் தெரியாது" என்றார் அப்பா. "முகம் காணேல்ல."

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டார். முகத்தைக் கண்டால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்றார். அம்மா அன்று குசினியில் சட்டிபானைகளைக் கழுவிய சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். இதையெல்லாம் அம்மா சொல்லக் கேட்டபோது எனக்கு மாஸ்டர்மேல் கோபம் வரவில்லை. அப்பாமேல் வந்தது.

அன்டெனாவும் அப்பாவும்

எங்கள் தெருவில் ஒரே ஒரு ரீவி இருந்தது. முனையில் புடவைக்கடை வைத்திருந்த காதர் நானாவின் வீட்டில். சவூதியில் இருந்த மகன் அனுப்பியது. மலைநாட்டு ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து படம் வந்து சேர உயரமான அன்டெனா வேண்டும். கந்தையா அண்ணை நீண்டதொரு கமுகந்தடியின் நுனியில் அதைக் கட்டி, பின்வளவில் நிறுத்தி, கப்பியும் கயிறும் போட்டுக் கொடுத்தார். காற்று எழும்பினால் தடியோடு சாய்த்து இறக்கலாம், ஓய்ந்தால் தூக்கலாம்.

வளவில் கயிற்றைப் பிடித்து நிற்பவருக்குப் படம் தெரியாது. படம் பார்ப்பவருக்கு வளவு தெரியாது. ஆகவே இருவருக்கும் நடுவே யன்னலில் அப்பா. ஒரு கண் ரீவியில், ஒரு கை வெளியே. கொஞ்சம் வலம், கொஞ்சம் இடம், நில். அந்த யன்னலைத் தவிர வேறெங்கும் கந்தையா அண்ணை பார்க்கமாட்டார்.

அப்பா கரடியைப் பார்க்கப் போவதில்லை என்று சொல்லியிருந்தார். அன்டெனா திருப்பத்தான் போகிறாராம். கரடி வருகிற நாட்களில் மட்டும் அந்த அன்டெனாவைத் திருப்ப வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் நிகழ்ச்சி நடத்திய அக்கா கலியாணமாகி லண்டன் போகிறேன் என்றார். இனிமேல் கரடியே நிகழ்ச்சியை நடத்தட்டும், ஆனால் மனிதனாக நடத்தட்டும் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை நேரடி நிகழ்ச்சி. பிள்ளைகளுக்கு முன்னால் கரடித் தலை கழன்று, உள்ளிருந்து புதிய அறிவிப்பாளர் வெளியே வருவார். நான் காதர் நானாவின் கடைக்கு ட்ரங் கோல் எடுத்தேன்.

"நானா, சனிக்கிழமை தலையைக் கழட்டப் போறன்."

"அல்லாவே! என்ன மகன் செல்லுறீங்க?"

"கரடியின்ர தலை, நானா."

"அத முதல்ல செல்லுங்க. நெஞ்சு நிண்டு போச்சு."

செய்தி உப்புவெளிக்குப் போனது. சனிக்கிழமை பின்னேரம் மாஸ்டர் குடையோடும் மகளோடும் வந்து காதர் நானாவின் விறாந்தையில் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். கப்பல்துறைக் கிராமத்திலிருந்துகூடச் சைக்கிளில் ஆட்கள் வந்திருந்தார்களாம். அம்மா செபமாலையோடு வந்திருந்தார். அப்பா யன்னலில்.

மறுபடியும் காது

இனிக் காதுக்கு வருகிறேன்.

கயிறு மேலே போனது. தலைக்குள் இருந்த தகரப் பட்டி ஒன்று என் இடது காதுக்குப் பின்னால் கொழுவிக்கொண்டது. தலை போக, காது போக, அதன்பின் நானும் போக வேண்டியதாயிற்று. நுனிக்காலில் எழுந்து நின்றேன். அதற்கு மேல் உயரம் என்னிடம் இல்லை.

கழுத்துப் பக்கம் திறந்துவிட்டது, இப்போது சத்தம் போட்டால் பிள்ளைகளுக்குக் கேட்கும். துறைமுகத்தில் நின்ற காலம் கைக்கு ஞாபகம் வந்தது. கரடிக் கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை நிலம் பார்க்க வைத்து மெல்ல அசைத்தேன். இறக்கு. மெதுவாக இறக்கு.

சோமபால நல்ல மனிதர். ஆனால் அவர் கப்பலில் வேலை செய்தவர் அல்ல. கரடி பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கிறது என்று நினைத்து, சந்தோஷமாக இன்னும் இழுத்தார். தலை ஒரு சத்தத்தோடு கழன்று மேலே போனது. காதில் இரத்தம் கசிய, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, "வணக்கம் பிள்ளைகளே" என்றேன். நாடு முழுவதும் என் முகத்தைக் கண்டது.

காதர் நானாவின் விறாந்தையைத் தவிர.

அங்கே நடந்ததை அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த மாதிரிச் சொல்வார்கள். நான் ஸ்டெல்லா சொன்னதை நம்புகிறேன். அவள் ரீவியைவிட அப்பாவைத்தான் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கரடியின் கை நீண்டதும் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. கண் ரீவியில் இருந்தது. யன்னலுக்கு வெளியே அவர் கை நீண்டது. உள்ளங்கை நிலத்தைப் பார்த்தது. மெதுவாக இறக்கு.

வளவில் கந்தையா அண்ணை ஏன் என்று கேட்கவில்லை. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கயிற்றைத் தளர்த்தி, கமுகந்தடியை அன்டெனாவோடு ஒரு கீறல் படாமல் கொண்டுவந்து நிலத்தில் படுக்க வைத்தார். படம் போய், ரீவியில் வெள்ளைப் புள்ளிகளாக அரிசி கொதித்தது.

கரடியின் தலை கழன்றது அந்தக் கொதிக்குள்தான்.

விறாந்தை எழுந்து நின்று கத்தியது. பிள்ளைகள் அழுதார்கள். அம்மாவின் செபமாலை கையிலிருந்து விழுந்தது. "தூக்குங்கோ, தூக்குங்கோ" என்று காதர் நானா வளவுக்கு ஓடினார். அன்டெனா மறுபடி எழுந்தபோது ரீவியில் வேளாண்மைக்கு உரம் போடுவது எப்படி என்று ஒருவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு யன்னலடிக்குப் போனார்.

"பேதுருப்பிள்ளை, உங்களை ஆர் இப்ப இறக்கச் சொன்னது?"

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம், அது வேறு யாருடையதோ என்பது போல.

"அவன்தான் சொன்னவன்" என்றார்.

"எவன்?"

"மகன்."

மாஸ்டர் விடவில்லை. ஆசிரியர் அல்லவா.

"முகம் காணேல்ல எண்டீங்களே. இண்டைக்கும் காணேல்லையே."

"கையைக் கண்டனான்" என்றார் அப்பா. "அவன் இறக்கெண்டு காட்டினவன். அங்க ஏதோ கொழுவிப் போட்டுது. கொழுவினா இறக்கத்தானே வேணும்."

மாஸ்டர் திரும்பி வந்து கதிரையில் இருந்து, காதர் நானாவிடம் ஒரு தேத்தண்ணி கேட்டார். அதைக் குடித்து முடித்த பிறகு அம்மாவிடம், தவக்காலத்துக்கு முன்னமே கலியாணத்துக்கு நாள் வைக்க ஏலுமோ என்று கேட்டார்.

ரயிலடி

அடுத்த கிழமை ஊருக்கு வந்தேன். ரயில் சீனக்குடா தாண்டியதும் உப்புக்காற்றில் காது எரிந்தது. ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டு, தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டும் போட்டிருந்தார்கள். முகத்தைக் காட்டப் புறப்பட்டவனுக்குப் பாதி முகம் மூடியிருந்தது.

நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். காதர் நானா ட்ரங் கோலில் முழுவதும் சொல்லியிருந்தார், நடுநடுவே அழுதும் சிரித்தும். ஆனாலும் அப்பா வருவார் என்று நான் நினைக்கவில்லை. அம்மாதான் வருவார் என்று எட்டிப் பார்த்தேன்.

ரயில் மேடையில் அப்பா நின்றார். வேலைக்குப் போகிற காக்கிச் சட்டையோடு.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் வாசலுக்கு வந்தேன். தகரப் பெட்டி, நல்ல பாரம். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்தார். காது எந்தப் பக்கம் இழுபட்டிருக்கும், கயிறு எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ சரியாத்தான் காட்டினனி" என்றார். "கயிறு பிடிச்சவன்தான் பிழை."

பின்னால் நின்றவர்கள் இறங்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். பெட்டி படியில் சரிந்தது.

அப்பா ஒரு அடி பின்னால் போய்க் கையை நீட்டினார். உள்ளங்கை நிலத்தைப் பார்த்தது. மெதுவாக அசைந்தது.

நான் பெட்டியை இறக்கினேன்.